புத்தகத்தில் 40,000, லாச்சப்பலில் 10,000

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலின் டெலிவரி வான்களுக்கு எப்போது ஒயில் மாற்ற வேண்டும்? கிலோமீற்றர் இலக்கம் மட்டும் அதைச் சொல்லிவிடாது.

காலை ஏழரைக்கு ரூ கேய் பக்கம் போனால் வான்கள் இரட்டை வரிசையில் நிற்கும். வார்னிங் லைற் மினுங்க, பின்கதவு திறந்திருக்க, ரன்ஜிஸ் மொத்தச் சந்தையில் ஏற்றிய வெங்காய மூட்டைகளும் தக்காளிப் பெட்டிகளும் கடைக்குள் போய்க்கொண்டிருக்கும். பொலிஸ் வந்தால் உடனே நகர்த்த வேண்டும் என்பதால் எஞ்சினை யாரும் நிறுத்துவதில்லை. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் 135 யூரோ தண்டம் என்று சட்டம் இருந்தும் நிலைமை இதுதான். பத்து நிமிடமாகும், சில நாள் இருபதும் ஆகும். கிலோமீற்றர் இலக்கத்தில் ஒன்றுகூடக் கூடாது. எஞ்சினுக்குள் ஒயில் மட்டும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

"எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாத்த வேணும்?" என்று லாச்சப்பலில் நாலு பேரிடம் கேட்டால் நாலு விடை கிடைக்கும். ஊரில் வாகனம் ஓட்டிப் பழகியவர் 5,000 என்பார். கராஜ்காரர் 15,000 என்பார். வானோடு வந்த சர்வீஸ் புத்தகத்தில் 40,000 என்றிருக்கும். வானை விற்றவரோ "லைற் எரிஞ்சால் மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இந்த நாலும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை ஓட்டத்துக்குச் சரி. நம்முடைய ஓட்டம் எந்த வகை என்று பார்க்காமல் இலக்கத்தை மட்டும் கடன் வாங்கும்போதுதான் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது.

பிக்கப் இல்லாத ஊரின் பிக்கப்

யாழ்ப்பாணத்தில் சாமான் ஏற்ற 'பட்டா' இருக்கிறது. தமிழ்நாட்டில் அதே டாடா ஏஸ் 2005இல் வந்து 'குட்டியானை' ஆனது. வன்னிப் பக்கம் ஹைலக்ஸ் டபிள் கப் என்றால் தனி மரியாதை. பாரிஸில் பிக்கப் பார்ப்பது அபூர்வம். திறந்த பெட்டியில் மீன் பெட்டியை வைத்துவிட்டுக் கடைக்குள் போய் வர முடியாத நகரம் இது. போதாக்குறைக்கு ஐந்து இருக்கை கொண்ட டபிள் கப் பிக்கப்புகள் மீது 2019 ஜூலையிலிருந்து புகைத் தண்ட வரியும் விழுகிறது. அதனால் இங்கே பிக்கப்பின் வேலையைச் செய்வது மூடிய வான். ரெனோ கங்கூ, ட்ராஃபிக், மாஸ்ரர், பேஜோ பார்ட்னர், சித்ரோவன் பேர்லங்கோ, ஃபோர்ட் ட்ரான்சிற் ஆகியவைதான் ஃபோபூர் சான் தெனி வீதியிலும் ரூ பெர்தோனேயிலும் நாள்முழுக்கத் தெரியும் முகங்கள்.

வெளித்தோற்றம் வேறானாலும் பானட்டுக்குக் கீழே பிக்கப்பும் வானும் ஒன்றுதான். இரண்டிலும் இருப்பது நாலு சிலிண்டர் டர்போ டீசல். அளவைப் பொறுத்து நாலு முதல் ஒன்பது லீற்றர் ஒயில் பிடிக்கும். இரண்டுமே பாரம் ஏற்றப் பிறந்தவை. பாரத்தோடு மெல்ல ஓடி, அடிக்கடி நின்று, மறுபடி கிளம்புவதுதான் அவற்றின் பிழைப்பு.

இரண்டு இலக்கங்களின் பிறப்பு

5,000 என்பது கார்புரேற்றர் காலத்து எண். அமெரிக்காவில் 3,000 மைல் என்று சொல்லிவந்ததும் ஏறக்குறைய இதுதான். அன்று ஊற்றியது கச்சா எண்ணெயிலிருந்து வடித்த மினரல் ஒயில். வெப்பத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும். கார்புரேற்றர் அளவில்லாமல் எரிபொருளை உள்ளே விடும். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடிய நாட்களில் 5,000 சரியான எண்தான்.

40,000 பிறந்த கதை வேறு. சிந்தெற்றிக் ஒயில் வந்தது. இன்ஜெக்ரர்கள் கணினிக் கட்டுப்பாட்டுக்குள் போயின. ஒயில் தொட்டியைப் பெரிதாக்கினார்கள். ஐரோப்பாவில் புது வான்களை அதிகம் வாங்குவது தனியாட்கள் அல்ல. தபால் சேவை, மின்சார நிறுவனம், லீசிங் கம்பனி போன்றவர்கள். ஆயிரக்கணக்கில் வாங்கும் அவர்களுடைய முதல் கேள்வியே வான் எத்தனை நாள் கராஜில் கிடக்கும் என்பதுதான். உற்பத்தியாளர்களும் போட்டி போட்டுக்கொண்டு இடைவெளியை நீட்டினார்கள். ரெனோ மாஸ்ரருக்கு 40,000 கிலோமீற்றர் அல்லது இரண்டு வருடம் என்று சொன்னார்கள். ஃபோர்ட் ட்ரான்சிற்றின் ஈகோபுளூ எஞ்சினுக்கு 60,000 வரை போனார்கள்.

அதே சர்வீஸ் புத்தகத்தில் பின்பக்கம் ஒரு பத்தி உண்டு. கடினமான பயன்பாட்டில் இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று அது சொல்லும். எது கடினமான பயன்பாடு என்றும் பட்டியல் போடும்: குறுந்தூர ஓட்டம், நீண்டநேரம் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது, வீடு வீடாக விநியோகம், டாக்சி. லாச்சப்பல் வானின் நாளேட்டைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும். முன்பக்கத்து 40,000 எல்லோருக்கும் மனப்பாடம். பின்பக்கத்துப் பத்தியைப் படிப்பவர்கள் குறைவு.

மணிக்கணக்கு

ஊரில் தோட்டம் செய்தவர்களுக்கு இது புது விஷயமில்லை. தண்ணி இறைக்கும் மெஷினுக்குக் கிலோமீற்றர் கிடையாது. லான்ட்மாஸ்ரர் உழுத தூரத்தையும் யாரும் அளப்பதில்லை. எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று பார்த்துத்தான் ஒயில் மாற்றுவார்கள். பெரிய உழவு இயந்திரங்களுக்கு இன்றும் 250 முதல் 500 மணித்தியாலம் என்பதே பொதுவான எல்லை. நெடுஞ்சாலையில் ஓடும் வானுக்கு மட்டும் கிலோமீற்றர் கணக்குப் பொருந்துகிறது. காரணம், அங்கே தூரமும் நேரமும் ஒன்றாகவே கூடுகின்றன. நகருக்குள் வந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாரிஸிலிருந்து ஃபிராங்க்ஃபுர்ட், சூரிச் என்று மொத்தச் சாமான் ஏற்றும் வான் ஒன்று. அதன் சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். 40,000 கிலோமீற்றர் ஓட அதற்கு 400 மணித்தியாலம் ஆகும். அதே வருடம் அதே தொழிற்சாலையில் செய்த இன்னொரு வான் லாச்சப்பல் கடையில் நிற்கிறது. விடியமுன் ரன்ஜிஸ் போய்வரும் ஓட்டம், பிறகு தெருச் சுற்று, நின்று ஓடும் நேரம் எல்லாம் சேர்த்துச் சராசரி 25 என்று வைப்போம். அதே 40,000க்கு 1,600 மணித்தியாலம். ரன்ஜிஸ் போகாமல் நகருக்குள்ளேயே சுற்றுகிற வானுக்குச் சராசரி 15 என்றால் 2,660 மணித்தியாலத்துக்கு மேல். இலக்கம் ஒன்றாகத் தெரிந்தாலும் பின்னது முன்னதைப்போல ஆறு மடங்குக்கு மேல் உழைத்திருக்கிறது.

பாரிஸ் வேகமும் கூடப்போவதில்லை. 2021 ஓகஸ்ட் 30 முதல் நகரின் பெரும்பாலான வீதிகளில் 30தான் உச்ச வேகம். நகரைச் சுற்றியோடும் பெரிஃபெரிக் வீதியிலும் 2024 ஒக்ரோபர் 1 முதல் 50. ஓகஸ்ட் கடைசியில் ரூ பஜோல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வரும் வாரத்தில் கேட்கவே வேண்டாம். தேங்காய் மூட்டை ஏற்றிய வான், பாதி வீதிகள் மூடியிருக்க, முதல் கியரிலேயே அரை நாளைக் கழிக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து கையில் பிடிக்க ஒரு சூத்திரம் கிடைக்கிறது. இப்போதைய வான்கள் பெரும்பாலானவற்றில் சராசரி வேகத்தைத் திரையில் பார்க்கலாம். அந்த எண்ணை 400ஆல் பெருக்குங்கள். திரையில் 25 என்றால் 10,000 கிலோமீற்றர். 15 என்றால் 6,000. 40 என்றால் 16,000. உற்பத்தியாளர் எவரும் இதை எழுதித் தரவில்லை. நெடுஞ்சாலை வானின் மணிக்கணக்கை நகர வானுக்கு மாற்றிய தோராயம்தான். ஆனாலும் பாருங்கள், நகருக்குள் மட்டும் ஓடுகிற வானுக்கு விடை ஊரில் பெரியவர்கள் சொல்லிய 5,000க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

மண்ணெண்ணெய்க் காலம் கற்றுத்தந்தது

ஒயில் பழசாகிக் கெடுவது ஒரு வகை. எரிபொருள் கலந்து கெடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதை யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990இல் சண்டை மறுபடி மூண்டதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கண்ணில் காண முடியாத பொருளானது. கார்புரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் புகை கக்கிக்கொண்டு அப்படித்தான் வருடக்கணக்கில் உயிர் வாழ்ந்தன.

பெற்றோலைப்போல மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டி ஒயில் தொட்டிக்குள் இறங்கும். ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும், ஆனால் தண்ணீராய் இளகிப்போகும். பேரிங்குகளுக்கு இடையே நிற்க வேண்டிய படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தில் உரசும். பிரித்தானியாவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய ஃபேர்கசன் உழவு இயந்திரங்களும் பெற்றோலில் கிளம்பிப் பிறகு மாறுபவைதான். அவற்றிலும் இதே தொல்லை இருந்தது.

இன்றைய பாரிஸ் டீசல் வானுக்குள் அதே தொல்லை வேறு வாசலால் வந்திருக்கிறது. அந்த வாசலின் பெயர் ஃபாப், அதாவது புகைத்துகள் வடிகட்டி. 2000இல் பேஜோ 607 காரோடு இது பெருமளவு உற்பத்திக்கு வந்தது. ஐரோப்பாவின் யூரோ 5 விதி நடைமுறைக்கு வந்த 2009 தொடக்கம் 2012 வரையான காலத்தில் டீசல் வாகனங்களுக்கு இது தவிர்க்க முடியாததானது. புகையில் வரும் கரித்துகளை ஃபாப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் அதை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு 600 பாகை அளவு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை உண்டாக்கப் பல எஞ்சின்களில் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. எரிதல் முடியும் நேரத்தில் சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அது வெளியேற்றுக் குழாய்க்குப் போய் அங்கே எரிய வேண்டும். பெரும்பகுதி போகிறது. ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் ஒட்டி, மண்ணெண்ணெய் போன அதே வழியில் தொட்டிக்குள் இறங்குகிறது. சில எஞ்சின்களில் மட்டும் இதற்கென வெளியேற்றுக் குழாயிலேயே தனி இன்ஜெக்ரர் இருப்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன.

நெடுஞ்சாலையில் ஓடினால் இந்தச் சுத்திகரிப்புக் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். லாச்சப்பல் வானுக்குக் கால்மணி நேரத் தொடர் ஓட்டம் எங்கே கிடைக்கிறது? சுத்திகரிப்புத் தொடங்கும்போது வாடிக்கையாளர் வீட்டு வாசல் வந்துவிடும். எஞ்சினை நிறுத்துவோம். அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு அரைகுறை முயற்சியிலும் கொஞ்சம் டீசல் ஒயிலில் சேரும். பார்க்கிங்கில் நின்ற பின்னும் ரேடியேற்றர் விசிறி உரத்துச் சுற்றுகிறது, சூடான நாற்றம் வருகிறது என்றால் சுத்திகரிப்பைப் பாதியில் குழப்பிவிட்டோம் என்று பொருள்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. ஃபாப் இல்லாத பழைய வான்களில், 2005 வரை உற்பத்தியான சித்ரோவன் சி15 போன்றவற்றில், இந்தத் தொல்லையே கிடையாது. அவற்றுக்கு இருந்தது புகை மட்டும்தான். மிகப் பழையவற்றுக்கு அடுத்து, 2006 முதல் 2010 வரை பதிவாகி 'கிறித்தேர் 3' என்ற மாசுத்தர ஸ்டிக்கர் ஒட்டிய டீசல் வாகனங்களுக்கும் வேலை நாட்களின் பகற்பொழுதில் பெருநகர் பாரிஸ் வலயத்துக்குள் ஓட 2025 ஜனவரி 1 முதல் தடை வந்தது. கடைக்காரர்கள் பழைய வானைக் கொடுத்துவிட்டு ஃபாப் உள்ள வானுக்கு மாறினார்கள். மாறியது வான் மட்டும்தான். ஒயில் மாற்றும் பழக்கம் பழைய வானோடேயே நின்றுவிட்டது. இந்தியாவிலும் 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ். 6 புகை விதி வந்து டீசல் பிக்கப்புகளுக்கு வடிகட்டி பூட்டியதிலிருந்து இதே கதை.

கம்பியை இழுத்துப் பாருங்கள்

லைற் எரிந்தால் மாற்றலாம் என்பதை நம்ப முடியாததற்குக் காரணம், சர்வீஸ் விளக்குப் பல வான்களில் கிலோமீற்றரையும் திகதியையும் எண்ணுவதோடு சரி. ஒயிலை அது சுவைத்துப் பார்ப்பதில்லை. சுவைத்துப் பார்ப்பதற்கு நெருங்கிய வேலையை ஒயில் பார்க்கும் கம்பி செய்யும். காலையில் ஸ்ராட் செய்யுமுன், சமதரையில் வான் நிற்கும்போது கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு இழுங்கள். மட்டம் கீழ்க்கோட்டுக்கு அருகே இருந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது, ஊற்றி நிரப்பலாம். போன மாதத்தைவிட மட்டம் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். யாரும் ஊற்றாமல் கூடிய ஒயில் டீசல்தான். விரலில் தேய்த்து மணந்து பாருங்கள். டீசல் நாற்றம் தெரிந்தால் புத்தகத்தில் எத்தனை ஆயிரம் மிச்சம் இருந்தாலும் அந்த வாரமே ஒயிலை மாற்றுங்கள்.

கடையில் சமையலறைக் காகிதச் சுருள் இருக்கும். கம்பியிலிருந்து ஒரு சொட்டு அதில் விட்டு, தட்டையாக வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். சில மணி நேரத்தில் வட்டம் விரியும். நல்ல ஒயில் என்றால் நடுவிலிருந்து ஓரம் வரை கருமை மெல்ல மெல்ல மங்கும். கரியைச் சுமக்கும் சக்தி தீர்ந்துபோன ஒயில் நடுவில் கட்டிக் கறுப்பாய்க் குந்திவிடும். சுற்றிலும் வெறும் மஞ்சள். வெளியே நிறமில்லாத ஒரு வளையம் அகலமாக ஓடியிருந்தால் எரிபொருள் கலந்திருப்பதற்கு அடையாளம். ஆய்வுகூடப் பரிசோதனைக்கு இது ஈடாகாது. ஆனாலும் வெறும் நிறத்தைப் பார்ப்பதைவிட மேல். டீசல் எஞ்சினில் புது ஒயில் சில நாளிலேயே கறுத்துவிடும். கறுத்த ஒயில் கெட்ட ஒயில் என்பது பிழை. கரியைத் தன்னுள் பிடித்து வைத்திருப்பதால்தான் அது கறுக்கிறது.

மட்டம் மேற்கோட்டைத் தாண்டி ஏறினால் ஆபத்து வேறு மாதிரி. இளகிய ஒயிலை எஞ்சின் தன் மூச்சுக்குழாய் வழியே உறிஞ்சி எரிபொருளாக எரிக்கத் தொடங்கலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் உச்ச வேகத்தில் அலறும். கை கியர் வான் என்றால் பிரேக்கை முழுதாக அழுத்தி, மேல் கியரில் போட்டு கிளச்சை விட்டால் மடக்க முடியும். மடக்காவிட்டால் தன்னைத்தானே உடைத்துக்கொண்டுதான் அடங்கும்.

இவ்வளவு தூரம் போகாமல் மெதுவாகச் சாகும் எஞ்சின்களே அதிகம். பேஜோ பார்ட்னரிலும் சித்ரோவன் பேர்லங்கோவிலும் ஓடிய 1.6 எச்.டி.ஐ. எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போவுக்கு ஒயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயில் ஒரு சின்ன வலை இருக்கும். பழைய ஒயிலின் கரிக்கட்டி அந்த வலையில் அடைத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழலும் டர்போ ஒயில் இல்லாமல் தவித்துத் தேய்ந்துபோகும். புது டர்போ பூட்டிக் குழாயைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதுவும் போகும். பெற்றோல் வானுக்கு மாறினால் தப்பலாம் என்றும் இல்லை. ஒயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் கொண்ட 1.2 ப்யூர்டெக் எஞ்சினில், ஒயிலில் கலந்த பெற்றோல் பெல்ட்டை உரித்து, அந்தத் துகள் ஒயில் பம்பை அடைத்தது. முறைப்பாடுகள் பெருகி, 2024இல் பேஜோ, சித்ரோவனின் தாய் நிறுவனமான ஸ்டெலாண்டிஸ் உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 175,000 கிலோமீற்றர் வரை நீட்ட வேண்டி வந்தது. அந்தச் சலுகை கேட்பவர் முதலில் காட்ட வேண்டியது, காலத்துக்குக் காலம் ஒயில் மாற்றிய பில்லைத்தான்.

எந்த ஒயில்?

அடிக்கடி மாற்றினால் போதும், மலிவான 15டபிள்யூ-40 ஒயிலை ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபாப் உள்ள வானில் அது நஞ்சு. சாதாரண ஒயிலில் உள்ள உலோக உப்புகள் எரிந்து சாம்பலாகும். கரியை 600 பாகையில் எரிக்கலாம். சாம்பல் எரியாது, ஃபாப்புக்குள்ளேயே தங்கி வருடத்துக்கு வருடம் இடத்தைப் பிடிக்கும். ஆகவே ஐரோப்பிய உற்பத்தியாளர் சங்கத்தின் தரவரிசையில் 'சி' எழுத்துக் கொண்ட, சாம்பல் குறைந்த ஒயில் தேவை. ஏ.சி.ஈ.ஏ. சி2, சி3 ஆகியவற்றில் சாம்பல் அளவு 0.8 சதவீதத்துக்கு மேல் போகாது. சி4இல் 0.5 சதவீதம்.

அதிலும் கங்கூவுக்கு வேண்டியதும் பார்ட்னருக்கு வேண்டியதும் ஒன்றல்ல. ரெனோ டீசல்கள் ஆர்.என்.0720, பின்னர் ஆர்.என்.17 என்ற குறியைக் கேட்கும். பேஜோவும் சித்ரோவனும் பி71 என்று தொடங்கும் தங்கள் குறிகளைக் கேட்கும். கலனின் முன்பக்க விளம்பரத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கச் சிறு எழுத்தில் உங்கள் வான் புத்தகத்துக் குறி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த மார்க் என்பது பெரிய விஷயமில்லை. ஒயிலோடு பில்ரரும் மாற வேண்டும். பழைய பில்ரரை விட்டுவிட்டுப் புது ஒயில் ஊற்றுவது, குளித்துவிட்டு அழுக்குச் சாரத்தையே திரும்ப உடுப்பதற்குச் சமம்.

ஃபாப்பையே கழற்றி எறிந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பிரான்சில் அது குற்றம், 7,500 யூரோ வரை தண்டம். வான்களுக்கு, கொந்த்ரோல் தெக்னிக் என்ற கட்டாய வாகனப் பரிசோதனைகள் இரண்டுக்கு நடுவில் புகைக்கென்றே தனிப் பரிசோதனையும் உண்டு.

கழித்த ஒயில் எங்கே போகிறது?

ரூ பிலிப் து ஜிராரிலோ புறநகர்ப் பார்க்கிங்கிலோ வானின் கீழே படுத்து ஒயில் கழற்றுவதைப் பலர் செய்கிறார்கள். பாரிஸில் பொது வீதியில் ஒயில் மாற்றுவதற்குத் தடை உண்டு. சட்டத்தைவிடக் காரணம் பெரியது. கழித்த ஒயில் சாக்கடைக்குள் போனால் அது திரும்பி வருகிற இடம் தண்ணீர்க் குழாய்.

அதன் அருமை சுன்னாகத்தாருக்குத் தெரியும். மின்நிலையப் பகுதியிலிருந்து மண்ணில் இறங்கிய எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டக் கிணறுகளில் மிதந்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழ்கிற யாழ் குடாநாட்டில் நிலத்தில் விட்டது எதுவும் வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். வழக்கு இலங்கை உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

பிரான்சில் 2022 முதல் ஒயில் விற்பவர்களே கழிவு ஒயிலைச் சேகரித்து மீள்சுத்திகரிக்கும் செலவை ஏற்க வேண்டும். சிக்லேவியா என்ற அமைப்பு அதற்கென்றே இயங்குகிறது. கராஜ்களிலிருந்து இலவசமாக எடுத்துப் போகிறார்கள். வீட்டில் மாற்றுபவர்கள் கலனில் ஊற்றி மூடி நகராட்சியின் கழிவு மையத்தில் கொடுக்கலாம். அந்தக் கலனில் தண்ணீரோ பிரேக் ஒயிலோ கலக்கக்கூடாது. கலந்தால் மீள்சுத்திகரிப்புக்கு உதவாது.

நாளைக் காலை செய்யக்கூடியவை

• திரையில் சராசரி வேகத்தைப் பாருங்கள். 400ஆல் பெருக்குங்கள். வருவதே உங்கள் இடைவெளி. புத்தகத்து எல்லையை மட்டும் தாண்ட வேண்டாம்.
• கிலோமீற்றர் எவ்வளவு குறைவானாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குறைவாக ஓடும் வானில் ஈரம் சேர்கிறது.
• இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கம்பியைப் பாருங்கள். மட்டம் கூடினால் உடனே மாற்றுங்கள்.
• வாரம் ஒருமுறை ரன்ஜிஸிலிருந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓடுங்கள். ஃபாப் தன் வேலையை முடித்துக்கொள்ளட்டும்.
• மாற்றிய திகதி, கிலோமீற்றர், ஒயில் குறி மூன்றையும் எழுதி பில்லோடு வையுங்கள்.
• பழைய வான் வாங்கும்போது வாகனத்தின் வரலாற்றைத் தரும் இஸ்தோவெக் அரசுச் சேவையின் பதிவைக் கேளுங்கள். விற்பவர் இலவசமாக எடுத்துத் தரலாம். கூடவே ஒயில் மாற்றிய பில்களையும் கேளுங்கள். ஒயில் மாற்றாமலே விளக்கை அணைக்கப் பலருக்குத் தெரியும்.

யாருடைய கணக்கு?

செலவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் கடைக்காரர் ஒப்பமாட்டார். ஒரு வான் வருடம் 20,000 கிலோமீற்றர் ஓடுகிறது, ஒயில் மாற்றப் பில்ரரோடு 150 யூரோ ஆகிறது என்று வைப்போம். 10,000க்கு ஒருமுறை மாற்றினால் வருடம் 300 யூரோ. புத்தகத்துப்படி 40,000க்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 75. வித்தியாசம் 225 யூரோ, நாளொன்றுக்கு 62 சதம். லாச்சப்பலில் ஒரு பிளேன்ரீ அந்த விலைக்கு வராது. மறுபக்கத்தில் டர்போ ஒன்று போனால் கூலியோடு ஆயிரம் யூரோவைத் தாண்டும். எஞ்சின் போனால் பழைய வானின் விலையே போய்விடும். அதற்கும் மேல், வான் கராஜில் கிடக்கும் நாட்களில் ரன்ஜிஸ் ஓட்டம் நிற்காது. வாடகை வான் எடுத்துத்தான் போக வேண்டும்.

அப்படியென்றால் உற்பத்தியாளர் ஏன் 40,000 என்கிறார்? அவர் பொய் சொல்லவில்லை. முதல் உரிமையாளருக்காக எழுதிய கணக்கு அது. லீசிங் கம்பனி புது வானை மூன்று, நான்கு வருடம் வைத்திருந்து விற்றுவிடும். அதுவரைக்கும் நீண்ட இடைவெளி அவர்களுக்கு லாபம், எஞ்சினும் தாங்கும். உள்ளே படிந்த கரியும் தேய்ந்த டர்போவும் வெளியே தெரியத் தொடங்கும்போது வான் லுபொன்குவான் இணையத்தளத்தில் விளம்பரமாகி, லாச்சப்பல் கடைக்காரரின் கைக்கு வந்துவிடும். முதல் உரிமையாளர் மிச்சம்பிடித்த ஒயில் காசை இரண்டாவது உரிமையாளர் டர்போ விலையில் கட்டுகிறார்.

நம்மவர்களில் பெரும்பாலானோர் அந்த இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்கள். கையில் வந்த வான் இன்னும் பத்து வருடம் ஓட வேண்டும் என்று நினைப்பவர்கள். ஆகவே வான் கைமாறிய அன்றே புத்தகத்து எண்ணையும் மாற்ற வேண்டும். வாங்கிய முதல் வாரம் ஒயிலும் பில்ரரும் புதிது. பிறகு 5,000 கிலோமீற்றரில் மறுபடி ஒருமுறை, பழைய கரியைக் கழுவி எடுக்க. அதன்பின் 10,000 அல்லது சராசரி வேகம் சொல்கிற எண், அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. நெடுஞ்சாலையில் சூரிச் ஓடுகிற வானுக்கு இவ்வளவு தேவையில்லை. அதன் சொந்தக்காரர் புத்தகத்தையே பின்பற்றலாம். ரூ கேயில் எஞ்சினை ஓடவிட்டு வெங்காயம் இறக்குகிறவருக்குப் புத்தகத்தின் முன்பக்கம் பொருந்தாது. பின்பக்கத்துப் பத்தி அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது.